முத்திரை இல்லாத பூல்

ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் சேர்த்து ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் ஒரே கோட்டில் அறுக்கிறார்கள். ஒரே அறுப்பில் இரண்டு சித்திரங்கள் கிடைத்துவிடும். கரிய ஓட்டில் பித்தளைக் கொடி ஓடினால் அது 'பிரமியே பார்த்தி'. மிஞ்சிய துண்டுகளை இணைத்து, பித்தளைத் தரையில் ஓட்டுக் கொடியைப் படரவிட்டால் 'கோந்த்ர் பார்த்தி'. பதினான்காம் லூயி காலத்து ஜோடி அலமாரிகள் சில, ஒன்றின் நிறத்தை மற்றது மாற்றிப்போட்டது போல் நிற்பது இதனால்தான். ஓட்டின் அடியில் சிவப்பு பூசியிருந்தால் விளக்கொளியில் அது கனலும். அந்தச் செம்மைக்கு ஈடாக மரச்சாமான்களில் நான் எதையும் சொல்லமாட்டேன்.

இந்த வேலைக்கே தன் பெயரைத் தந்துவிட்ட ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) இதைக் கண்டுபிடித்தவர் அல்லர். பியேர் கோல் போன்றவர்கள் முன்பே செய்தார்கள். 1672 முதல் லூவ்ரில் அரசர் தந்த இருப்பிடம் அவருக்கு இருந்தது. ஆனால் தன் சாமான்களில் அவர் முத்திரை குத்தவில்லை. திரியானோன் மாளிகைக்காக 1708-09இல் செய்த இரண்டு 'கமோடு'களுக்கு, அதாவது இழுப்பறைப் பெட்டிகளுக்கு, ஆவணச் சான்று உண்டு. அவை இன்று வெர்சாய்யில் இருக்கின்றன. அப்படிச் சான்று இல்லாதவற்றை இவற்றோடு ஒப்பிட்டே பேச வேண்டியிருக்கிறது.

முத்திரை இருந்தால் மட்டும் தீர்ந்துவிடுமா? பாரிஸ் தச்சர் சங்கம் 1743இல் வகுத்த விதிதான் முத்திரையைக் கட்டாயமாக்கியது. 1751இல் அது உறுதியானது. ஆனால் தச்சர் ழான்-பிரான்சுவா ஏபென் 1763இல் இறந்தார். பட்டறையை அவர் மனைவி நடத்தினார். உள்ளே வேலை செய்தவர் ரீசனர். அவர் 1768இல் மாஸ்டர் ஆகும்வரை, அங்கிருந்து இறந்தவரின் முத்திரையோடே சாமான்கள் வெளியே போயின. எதியென் லெவஸ்ஸரோ பூல் வேலைகளைப் பழுதுபார்த்தவர், அதே பாணியில் புதிதாகவும் செய்தவர். ஒரு சாமானில் அவர் முத்திரையைக் கண்டால், செய்த கை அவருடையதா, சீராக்கிய கை அவருடையதா என்று கேட்டாக வேண்டும். 'பி.வி.ஆர்.பி.' என்ற நான்கெழுத்து முத்திரைக்குப் பின்னால் இருந்தவர் பெர்னார்ட் வான் ரிசாம்பர்க் என்பதே 1957இல்தான் தெரியவந்தது.

என் கண் முதலில் போவது பித்தளையின் மேல் உளியால் கீறிய செதுக்குக்குத்தான். இலையின் நரம்பு, முகத்தின் நிழல், துணியின் மடிப்பு எல்லாம் அந்தக் கீறல்களில் இருக்கின்றன. அறுப்பு வெறும் எல்லைக்கோடுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் துடைத்துத் துடைத்து அந்தக் கோடுகள் தேய்ந்திருக்கும். மரம் சுருங்கும்போது பித்தளை சுருங்காது. வச்சிரம் விட்டுப்போய்த் தகடு நிமிரும். ஒட்டிச் சரிசெய்பவர், தேய்ந்த கோட்டை மீண்டும் கீறுவதும் உண்டு. அதனால் துணி அதிகம் படாத மூலைகளில், வெண்கல வார்ப்பின் விளிம்போரம் பதுங்கிய பகுதிகளில் தேடுவேன். அங்கே கோடு தடித்து மெலிந்து வளையும் விதத்தை, திரியானோன் கமோடுகளின் கோட்டோடு வைத்துப் பார்ப்பேன்.