கூண்டில் ஏறாதவர்கள்

நாட்டை ஆண்டவனை அயலார் மன்றம் விசாரிக்கலாமா? விசாரிக்கலாம் என்றால், அந்த உரிமையை மன்றத்துக்கு வழங்கியது எது? வகுத்து வைத்த சட்டமா, வென்றவன் கைவாளா?

இக்கேள்வியை உலகின் முகத்துக்கு நேரே எழுப்பியவர், கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த இராதாபினோத் பால். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு 1953-ல் கல்கத்தாவில் நூலாக வெளிவந்தது. அதைப் போற்றிப் பேசுவோர் உண்டு. தூற்றித் தள்ளுவோரும் உண்டு. இரண்டும் எளிய வேலைகள். எடைபோட்டுப் பார்ப்பதுதான் கடினம். அதையே நாம் மேற்கொள்வோம்.

1946 மே 3-ல் டோக்கியோவில் மன்றம் கூடிற்று. நீதிபதிகள் 11 பேர். குற்றம் சாட்டப்பட்டோர் 28 பேர். இருவர் இடையிலே மாண்டனர். ஒருவர் மனநிலை குன்றியவர் என விலக்கப்பட்டார். எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறிற்று. முன்னாள் பிரதமர் டோஜோ உள்ளிட்ட 7 பேர் 1948 டிசம்பர் 23-ல் தூக்கிலிடப்பட்டனர். பால் ஒருவரே, அனைவரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்று எழுதினார்.

ஏன்? அந்த மன்றத்துக்குச் சாசனம் எழுதித் தந்தது நேசநாட்டுப் படைத்தலைவர் மக்ஆர்தரின் தலைமையகம். நீதிபதிகள் அனைவரும் ஜப்பானை எதிர்த்து நின்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். வழக்காடுபவனே வழக்கைத் தீர்ப்பதா என்றார் பால். ஆக்கிரமிப்புப் போர் நடத்துவது தனி மனிதர்களைத் தண்டிக்கத்தக்க குற்றம் என்று போருக்கு முன் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1928-ம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தமும் சொல்லவில்லை. செயல் முடிந்தபின் சட்டம் செய்து தண்டிப்பது நீதியாகாது என்றார்.

இதில் உண்மை இல்லையா? உண்டு! மலையளவு உண்டு. ஆக்கிரமிப்புக் குற்றத்தை டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் நீதிபீடத்தில் அமர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்த அதே வேளையில், டச்சுப் படை இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்கப் போரிட்டது. பிரெஞ்சுப் படை வியட்நாமில் குண்டு பொழிந்தது. ஜப்பானின் காலடியில் 35 ஆண்டுகள் நசுங்கிய கொரியாவுக்கோ அந்த மன்றத்தில் ஓர் இருக்கை இல்லை. போர்க்குற்றங்களை வரையறுத்த லண்டன் சாசனம் கையெழுத்தானது 1945 ஆகஸ்ட் 8-ல். அதற்கு இரண்டு நாள் முன்பு இரோஷிமா எரிந்தது; மறுநாள் நாகசாகி எரிந்தது. அந்தத் தீயை மூட்டியவர் எவரும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. இதைத் தம் தீர்ப்பிலே சுட்டிக்காட்டும் துணிவு பாலுக்கு இருந்தது.

கூண்டில் ஏறாதவர் இன்னொருவரும் உண்டு. அவர் பேரரசர் இரோகிதோ. கதிரவன் குலக் கடவுளின் வழித்தோன்றல் என்று மக்களை நம்ப வைத்து, அவர் பெயராலேயே படை நடத்தினார்கள். 1946 சனவரி முதல் நாளில் தமக்குத் தெய்வத்தன்மை இல்லை என்று அவரே அறிவித்தார். தெய்வம் மனிதராயிற்று, ஆனால் அந்த மனிதரைக் கேள்வி கேட்க ஆள் இல்லை. நாட்டை அடக்கி ஆள அவர் தேவை என்று வென்றவர்கள் கணக்குப் போட்டார்கள். 1989-ல் இறக்கும்வரை அரியணையில் இருந்தார்.

இவ்வளவும் பாலின் வாதத்துக்கு வலிவு சேர்ப்பவை. ஆனால் தோழர்களே, இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். நீதிமன்றம் ஒருதலையானது என்பதை மெய்ப்பித்துவிட்டால், குற்றவாளி நிரபராதி ஆகிவிடுவானா?

சயாம் - பர்மா இரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் இணைத்து முடிக்கப்பட்டது. 12,000-க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே மாண்டனர். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும், பர்மியரும், மலாய்க்காரரும், சாவகத்தாரும் பல்லாயிரக்கணக்கில் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் இரையாயினர். கைதிகளை அந்த வேலையில் ஏவியதற்கு டோஜோ பொறுப்பாளி என்பதைப் பால் மறுக்கவில்லை. ஆயினும் அது அரசின் செயல். அதற்காகத் தனி மனிதரைத் தண்டிக்க இயலாது என்று முடித்தார்.

அரசின் செயலாம்! அரசுக்குக் கையுண்டா, கட்டளையிட வாயுண்டா? அமைச்சன் கைதானே அரசின் கை? போர்க்கைதிகளைப் போர் நடவடிக்கை தொடர்பான வேலையில் ஈடுபடுத்தலாகாது என்பது 1907-ம் ஆண்டின் ஹேக் விதி. ஜப்பான் ஏற்றுக்கொண்ட விதி. ஆகவே, செயலுக்குப் பின் பிறந்த சட்டம் என்ற வாதம் இங்கே செல்லாது. கொடுமைகளை நேரில் செய்தவர்கள் வேறு மன்றங்களில் தண்டனை பெற்றுவிட்டார்கள் என்றும் பால் எழுதினார். பெற்றார்கள், யார் அவர்கள்? இரயில் பாதை முகாம்களில் காவல் நின்ற கொரியர் சிலரும் தூக்குமேடை ஏறினார்கள். அடிமை நாட்டு ஏழைக் காவலாளிக்குக் கயிறு. ஆணையிட்ட பிரதமருக்கு விடுதலை! ஏகாதிபத்தியத்தின் ஓரவஞ்சனையைக் கண்டு கொதித்த பேனா, மேல்-கீழ் என்ற ஓரவஞ்சனைக்கு வழிவிட்டதே, அதுதான் நம் குறை.

நான்கிங் கொடுமைகள் நடந்தன என்பதையும் பால் ஏற்றார். இன்று அவரைத் துதிப்போர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. 1978-ல் டோஜோ உள்ளிட்ட 14 பேரைத் தெய்வங்களாக ஏற்றுக்கொண்ட யாசுகுனி கோவில், 2005-ல் பாலுக்கு நினைவுச் சின்னம் எழுப்பிற்று. வென்றவனின் அநீதியைக் கண்டித்த எழுத்து, தோற்றவனின் அநீதிக்குத் திரையாகிவிட்டது.

பின் எது வழி? குற்றம் நிகழுமுன்பே சட்டம் வேண்டும். வென்றவன் அமைக்காத நிலையான மன்றம் வேண்டும். 1998-ல் ரோம் நகரில் உருவான உடன்படிக்கை 2002 சூலை முதல் நடைமுறைக்கு வந்து, ஹேக் நகரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தைத் தந்தது. நாட்டின் தலைவர் என்ற பதவி எவரையும் காக்காது என்கிறது அதன் 27-ம் விதி. அரசின் செயல் என்ற பழைய கவசத்தை அது உடைத்தது. கோவலன் கொலைக்குக் கண்ணகி முறை கேட்டபோது பாண்டியன் தன் முடியைக் காட்டித் தப்பவில்லை என்பதைப் படித்த நமக்கு அந்த விதி புதுமையன்று.

ஆனால் நோய் முற்றும் தீர்ந்ததா? அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகியவை அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. தாம் சேராத மன்றத்துக்கு, 2005-ல் சூடானையும் 2011-ல் லிபியாவையும் அனுப்பி வைத்த பாதுகாப்புக் குழுவில் முதல் மூன்று நாடுகளுக்கும் தடுப்பதிகாரம் உண்டு! 2023 மார்ச்சில் புதினுக்கும் 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் பிடியாணை பிறந்தது. உறுப்பு நாடான மங்கோலியாவுக்குப் புதின் 2024 செப்டம்பரில் போய்வந்தார். உறுப்பு நாடாயிருந்த அங்கேரிக்கு நெதன்யாகு 2025 ஏப்ரலில் போய்வந்தார். பிடிக்க ஒரு கையும் நீளவில்லை.

பால் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு அவர் தந்த விடையைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. வலியவன் தப்பினான் என்பதற்காகச் சிக்கியவனையும் விடுவித்தால், செத்தவனுக்கு யார் வழக்காடுவது? கூண்டை உடைக்கச் சொல்லோம், அகலமாக்கச் சொல்வோம். இரோஷிமாவை எரித்தவனும் நான்கிங்கை அழித்தவனும் அருகருகே நிற்கும் அளவுக்கு அகலமாக்கச் சொல்வோம். நம் நாடும் அந்தச் சட்டத்தின்கீழ் வரவேண்டும் என்று கேட்கும் துணிவு நமக்கு இருந்தால்தான், பிறர் நாட்டுத் தலைவனைச் சுட்டும் நம் விரலுக்கு மதிப்பு உண்டு.