மண் தள்ளும் நாள்

தருமபுரிப் பக்கம் கொத்தனாரிடம் ‘பேஸ்மென்ட்’ என்றால், தரைக்கு மேல் எழுப்பும் பேஸ்மட்டத்தைத்தான் நினைப்பார். நிலத்தடித் தளம் என்று விளக்கியாக வேண்டும். ஸ்டாட் புரோ, ஈடேப்ஸ் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்கள் அந்த விளக்கத்தைக்கூடக் கேட்பதில்லை. கொடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு கம்பிக் கணக்கைத் தந்துவிடும்.

பீம் விஷயத்தில் இது பெரிய குறையல்ல; சுமை தெளிவானது. மூன்று மீட்டர் உயர ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மீட்டருக்குச் சுமார் 13.8 கிலோநியூட்டன். தளத்தின் எடையை இருமுறை சேர்த்துவிட்டாலும், அஸ்திவாரத்தில் இறங்கும் மொத்த எடையைக் கையால் கூட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

நிலத்தடிச் சுவர் அப்படியல்ல. மூன்று மீட்டர் ஆழம், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் மண், 30 பாகை உராய்வுக் கோணம் என்று கொள்வோம். சுவர் சற்றே சாய முடிந்தால் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். மேல்தளம் பிடித்து நிறுத்தியிருந்தால் 27. எதைக் கொடுத்தாலும் கணினி முகம் சுளிக்காது. தருமபுரியின் பாறை நிலத்தில் இன்னொரு வில்லங்கம்: வெடி வைத்துத் தோண்டிய குழிக்கும் சுவருக்கும் இடையே மழைநீர் இறங்க வழியின்றிக் கிணறுபோல் நிற்கலாம். நிரம்பினால் அழுத்தம் 42ஐத் தொடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, கணினி மாதிரியில் இருப்பது கட்டி முடித்த கட்டடம் என்பது. மேலே தளம் தாங்கினால் சுவரடியில் வளைதிருப்பம் மீட்டருக்கு 16 கிலோநியூட்டன்-மீட்டர். தளம் போடுமுன்பே ஜேசிபி மண்ணைத் தள்ளினால்? சுவர் சாய்வதால் அழுத்தம் 18க்கு இறங்கும் என்று சலுகை கொடுத்தாலும் வளைதிருப்பம் 27.

1991 ஆகஸ்டில் நார்வேயின் ஸ்லைப்னர் எண்ணெய் மேடை மூழ்கியதும் நீரழுத்தம் தாங்கும் கான்கிரீட் சுவர் உடைந்ததால்தான். கணினி மாதிரியின் கூறுகள் பொருந்தாமல் போனதில் வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, உடைந்த ஆழத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டது.

ஆகவே பீமை மென்பொருளிடம் விடலாம். சுவரின் கனத்தையும் கம்பியையும் ஒரு மீட்டர் அகலத் துண்டாக எடுத்துக் கையால் தீர்மானிக்க வேண்டும். கார் இறங்கும் சரிவுக்காகத் தளத்தை வெட்டிய இடத்தில் சுவருக்கு மேலே பிடிப்பில்லை. அங்கும் மூலைகளிலும்தான் மென்பொருளின் தகட்டு மாதிரி தன் கூலியைச் சம்பாதிக்கிறது. வரைபடத்தில் ‘தளம் போட்டு இறுகிய பிறகே மண் நிரப்பவும்’ என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். ஜேசிபி ஓட்டுநர் ஸ்டாட் கோப்பைத் திறந்து பார்க்கப் போவதில்லை.