காணாமல் போன கிருமிகள்

குழந்தைக்கு ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாம் சாப்பாட்டைத்தான் திட்டுவோம். மார்ட்டின் பிளேசர் என்ற அமெரிக்க டாக்டர் வேறு ஆசாமியைக் கை காட்டுகிறார்: ஆன்டிபயாடிக். 2014-ல் வெளிவந்த இவருடைய 'மிஸ்ஸிங் மைக்ரோப்ஸ்' புத்தகம் துப்பறியும் நாவல் மாதிரி விறுவிறு.

விஷயம் இதுதான். நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்கு ஆரம்பப் பாடம் எடுப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. அந்த வயசில் தும்மலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்தால் திருடனோடு சேர்ந்து வாத்தியாரும் காலி. ஆஸ்துமா, உடல் பருமன், உணவு அலர்ஜி பெருகியதற்கு இது முக்கியக் காரணம் என்பது பிளேசர் கட்சி.

சாட்சிகள் சுவாரஸ்யமானவை. தீவனத்தில் துளி ஆன்டிபயாடிக் கலந்தால் கோழி, பன்றியெல்லாம் சீக்கிரம் கொழுக்கும் என்பது பண்ணைக்காரர்களின் பழைய ரகசியம். பிளேசர் எலிக்குட்டிகளுக்குப் பெனிசிலின் கொடுத்தார், அவையும் கொழுத்தன. அதே 2014-ல், சிகாகோவில் கேத்ரின் நாக்லர் குழுவினர் ஆன்டிபயாடிக் கொடுத்த எலிக்குட்டிகளின் உடம்பு வேர்க்கடலையை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்ததைக் கண்டார்கள். குளோஸ்ட்ரிடியா வகை பாக்டீரியாவைக் குடியேற்றியதும் அந்த முறைப்பு அடங்கியது.

என் ஆட்சேபணை இங்கேதான். எலி வேறு, குழந்தை வேறு. ஆன்டிபயாடிக் நிறைய சாப்பிட்ட குழந்தைக்கு அலர்ஜி இருந்தால், மருந்தால் அலர்ஜி வந்ததா, அலர்ஜிக் குழந்தை அடிக்கடி சீக்கில் விழுந்து மருந்து சாப்பிட்டதா? பிளேசரின் எழுத்து வேகத்தில் இந்தக் கேள்வி நமக்கு மறந்தே போய்விடுகிறது.

இன்னொன்று. அலர்ஜி வேறு, ஒத்துக்கொள்ளாமை வேறு. அலர்ஜி எதிர்ப்புச் சக்தியின் கோபம். பேதிக்குப் பிறகு பால் குடித்தால் வயிறு உப்புகிறதே, அது பெரும்பாலும் லாக்டேஸ் என்ற என்சைம் தற்காலிகமாகக் குறைந்ததால். செரிக்காத பால் சர்க்கரையைப் புளிக்க வைத்து வாயு கிளப்புவது குடல் பாக்டீரியாதான். அங்கே அது வாத்தியார் இல்லை, வாலு!

ஆனாலும் படிக்க வேண்டிய புத்தகம். 'சளிதான் டாக்டர், ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதிக் குடுங்க' என்று அடம்பிடிக்கிறவர்கள் அவசியம் படியுங்கள். ஜலதோஷம் வைரஸ் சமாசாரம். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அதற்காக, நிமோனியாவுக்கு டாக்டர் எழுதியதை வாங்காமல் இருந்துவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் என்பதைப் பிளேசரே மறுக்கவில்லை. தேவையில்லாமல் கொடுப்பதில்தான் அவருக்குச் சண்டை. எலி சாட்சி இல்லாமலே அது நியாயமான சண்டை.