தொடக்கப் பள்ளி ஆசிரியரும் இணைய வளங்களும்: தேடலும் தேர்தலும்

நூலொன்று கைக்கு வந்தவுடன், அதனைக் கற்கப் புகுமுன், அது கற்கத்தக்கதோ என ஆராய்தல் நம் முன்னோர் மரபு. நூலின் இயல்பு இது, ஆசிரியனின் இயல்பு இது, மாணாக்கனின் இயல்பு இது எனப் பாயிரத்தில் வகுத்துரைத்த பின்னரே பவணந்தி முனிவர் எழுத்திலக்கணம் கூறத் தொடங்குகின்றார். நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும், அழகுகள் பத்து என்றும் அவர் எண்ணிக் காட்டுகின்றார். ஏட்டுச் சுவடியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட அவ்வளவுகோல், இன்று திரையில் தோன்றும் பாடப்பொருளுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பொருந்தும் என்பதும், அதனைப் பொருத்திப் பாராமையே இன்றைய குறை என்பதும் நம் கருத்து.

தொடக்கப் பள்ளிக்குத் தமிழில் இணைய வளம் இல்லை என வருந்திய காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வருத்தத்திற்கு இடமில்லை. இன்றைய வருத்தம் மிகுதியால் விளைந்தது. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் சிற்றூர்ப் பள்ளிகள் நம் நாட்டில் பல. அத்தகைய பள்ளியின் ஆசிரியர் ஒருவர், மறுநாட் பாடத்திற்கென மாலையில் ஒரு மணி நேரம் தேடிப் பயன்படாத ஒன்றைப் பெறுவாராயின், இழந்தது அந்த ஒரு மணி நேரம் மட்டுமன்று. பிழைபட்ட ஒன்றைப் பெற்று அதனை வகுப்பில் காட்டுவாராயின், ஆறு வயதுக் குழந்தையின் உள்ளத்தில் அப்பிழை முதற்கல்வியாகப் பதிகின்றது. முதலில் பதிந்ததனைப் பின்னர் மாற்றுதல் எத்துணை அரிது என்பதனை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

வளங்கள் இருக்குமிடம்

நம்பத்தகுந்த இடங்கள் சிலவற்றை முதற்கண் நோக்குவோம். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் நடுவணரசு ‘திக்‌ஷா’ என்னும் தளத்தைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. அலைபேசியால் அவற்றைப் படித்தால் அப்பாடத்திற்குரிய காணொளியும் பயிற்சியும் கிட்டும். பாடநூலின் பக்கத்திலிருந்தே வளத்திற்கு வழி அமைத்தமை இம்முறையின் சிறப்பு. பவணந்தியார் ‘முறையின் வைப்பு’ எனக் குறித்த அழகு இதுவேயாகும். எனவே, தேடப் புகும் ஆசிரியர் முதலில் தம் கையிலுள்ள பாடநூலின் குறியீட்டை நோக்குதல் நன்று. பலர் இதனை விடுத்து, யாரோ யாருக்கோ அனுப்பி வழிவழியாக வந்த கோப்புகளை நாடுகின்றனர். அவற்றுள் மூலம் எது, திருத்தம் எது, ஆண்டு எது என்பன விளங்குவதில்லை.

கதைப் பொருளுக்குப் பெங்களூரைச் சார்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளம் குறிப்பிடத்தக்கது. படக்கதைகளை எவரும் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம் என்னும் திறந்த உரிமத்துடன் அது வழங்குகின்றது. கணக்கிற்கு, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஃபெட்’ தளத்தின் செயல்முறைகள் உள்ளன. அவற்றுட் சில தமிழிலும் கிடைக்கின்றன. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தோன்றிய மதுரைத் திட்டமும் உதவுகின்றன. இலங்கைக் கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தமிழ்வழிப் பாடங்கள் உள்ளன. ஆகவே பொருள் உண்டு. அதனை எய்தும் நெறியும் தேரும் நெறியுமே வேண்டப்படுவன.

தேடுசொல் பற்றியது

தேடல் என்பது சொல்லாராய்ச்சியே ஆகும். தமிழ்நாட்டின் முதலிரு வகுப்புகளில் ‘சூழ்நிலையியல்’ என வழங்கும் பாடம், இலங்கையில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ எனப் பெயர் பெறுகின்றது. இங்கு ‘அறிவியல்’ எனப்படுவது அங்கு ‘விஞ்ஞானம்’. ஒரு பெயரை மட்டும் அறிந்து தேடுவார்க்கு மற்றொரு நாட்டார் ஆக்கிய நற்பொருள் கண்ணிற் படுவதில்லை. ஒரு நாட்டினுள்ளேயும் ‘விலங்குகள்’ எனத் தேடுவார் ‘மிருகங்கள்’ எனப் பெயரிடப்பட்டதனை இழப்பர். ஆதலின், ஒரு பொருள் குறித்த பல சொற்களையும் ஆசிரியர் முன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும். ‘தவளை’ என ஒரு சொல்லால் தேடுவதைவிட, ‘தவளையின் வாழ்க்கைச் சுழற்சி மூன்றாம் வகுப்பு’ எனப் பொருளும் கூறும் வகுப்பும் சேர்த்துத் தேடுதல் பயன் தரும்.

இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. ஒருங்குறி முறை பரவுவதற்கு முன் தமிழெழுத்துகளைக் கணிப்பொறியில் குறிக்கப் பல முறைகள் வழங்கின. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் அவற்றை ஒழுங்குபடுத்தும் முயற்சி நிகழ்ந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய முறையில் தட்டெழுதப்பட்ட பாடக் குறிப்புகள் இன்றைய தேடுபொறிக்குத் தமிழாகவே தோன்றுவதில்லை. பக்கங்களைப் படமாக எடுத்துச் சேர்த்த நூல்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே: நூலின் பெயரால் தேடலாம், உள்ளிருக்கும் சொல்லால் தேடுதல் இயலாது. விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் பலவற்றை எழுத்து வடிவில் பெயர்த்துவரும் தன்னார்வலர் பணியின் அருமை இதனால் விளங்கும்.

எழுத்து வடிவம் பற்றியது

பழைய நூல்களை வகுப்பறைக்குக் கொணர்வார் நோக்க வேண்டுவது மற்றொன்று. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. ணா, றா, னா என்பனவும், ணை, லை, ளை, னை என்பனவும், ண, ற, ன ஆகியவற்றின் ஒகர ஓகார வடிவங்களுமாகப் பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்க, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழுக்கு வாய்த்த பெருஞ்செல்வம். ஆயினும் அஃது அச்சான காலம் சீர்திருத்தத்திற்கு முற்பட்டது. ‘யானை’ என்னும் சொல்லைப் புதிய வடிவிற் கற்கும் முதல் வகுப்புக் குழந்தையின் முன் அப்பக்கத்தை அப்படியே வைத்தல் ‘மயங்க வைத்தல்’ என்னும் குற்றமாகும். செய்தியும் அவ்வாறே. 2006ஆம் ஆண்டில் புளூட்டோ கோள்களின் வரிசையினின்று நீக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட நூல்கள் கோள்கள் ஒன்பது எனவே எண்ணும். பழைய நூல் பயனற்றது என நாம் கூறவில்லை. அஃது ஆசிரியர் கற்றற்கு உரியது. குழந்தைக்கு அவர் வழியாகவே செல்லுதற்குரியது என்பதே நம் கருத்து.

உரிமை பற்றியும் ஒரு சொல். பாரதியார் பாடல்களின் உரிமை 1949ஆம் ஆண்டிலேயே அரசால் பெறப்பட்டுப் பின்னர் மக்களுக்கு உரியதாயிற்று. 1954ஆம் ஆண்டில் மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களும், ஆசிரியர் மறைவுக்குப்பின் அறுபதாண்டு என்னும் இந்தியச் சட்டத்தின் எல்லையைக் கடந்துவிட்டன. இவற்றைத் தாராளமாக எடுத்தாளலாம். இன்று வாழும் பாவலர் பாடலைப் பெயரும் குறிக்காது படியெடுத்துப் பரப்புதல் அறமன்று. குழந்தைக்கு நேர்மை கற்பிக்கும் இடத்தில் அது நிகழ்தல் மிகவும் தகாது.

படிநிலை பற்றியது

இனி, நாம் முதன்மையாகக் கருதும் குறைக்கு வருவோம். ஸ்டோரிவீவர் போன்ற தளங்கள் கதைகளை நான்கு படிகளாக வகுக்கின்றன. வகுப்பு நோக்கமும் முயற்சியும் பாராட்டத்தக்கன. ஆனால் படியை உறுதி செய்வதில் சொற்களின் எண்ணிக்கைக்கு இடம் அளிக்குந்தோறும் தமிழுக்கு ஓர் இடர் நேர்கின்றது. தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை உருபும், சாரியையும், துணைவினையும் ஒரே சொல்லில் அடுக்கி வரும். ‘பறவைகளெல்லாம் கூடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன’ என்னும் தொடரில் சொற்கள் மூன்று, எழுத்துகளோ இருபத்தேழு. ‘பறவை பறந்தது, கூட்டுக்கு வந்தது’ என்பதில் சொற்கள் நான்கு, எழுத்துகள் பதினேழு. எண்ணிக்கையால் முன்னது எளிது. படிக்கும் குழந்தைக்குப் பின்னதே எளிது. பிற மொழியில் முதற்படியாக இருந்த கதை, தமிழில் பெயர்க்கப்பட்டபின் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் உரியதாகிவிடுதல் இதனாலேயாம்.

ஆகவே, தளம் இட்ட படியை ஆசிரியர் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. சொல்லின் நீளம், மெய்யெழுத்து இணைந்து வரும் இடங்கள், குழந்தை இதுவரை கற்ற எழுத்துகள் எவை என்பன ஆகிய மூன்றையும் கொண்டு தாமே அளத்தல் வேண்டும். கதையின் முதற்பக்கத்தை ஒரு குழந்தையைப் படிக்கச் செய்து கேட்பின் ஐந்து நிமிடத்தில் இது தெளிவாகும். இவ்வகையில் ஒரு தமிழ்ப் படிநிலையை வகுத்தளித்தல் மொழியியலார் செய்யத்தக்க பணியாகும்.

ஒலி பற்றியது

காணொளிகள் பெருகியதன் பின் குழந்தையின் செவிக்கு மற்றோர் ஆசிரியர் வாய்த்துள்ளார். அகர வரிசையைச் சொல்லித்தரும் குரலில் லகர, ளகர, ழகரங்கள் தம்முள் வேறுபட்டு ஒலிக்கின்றனவா, ரகர றகர வேறுபாடு தெளிவா என ஆசிரியர் தாம் முதலிற் கேட்டல் வேண்டும். ஆங்கில எழுத்தொலிப் பயிற்சியை முன்மாதிரியாகக் கொண்ட காணொளிகளில் வேறொரு பிழையும் நேர்தல் கூடும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒலி ஒன்றே என அவை கற்பிக்கும். கல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் இடத்திற்கேற்ப வேறுபட ஒலித்தலைத் தமிழ்க் குழந்தை வீட்டிலேயே அறிந்துள்ளது. அறிந்ததனை மறக்கச் செய்யும் கருவி கல்விக் கருவியாகாது.

மிகையும் பயனும்

‘மிகைபடக் கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’ என்னும் இரு குற்றங்களும் திரைப் பொருளில் எளிதிற் புகுவன. கழித்தலைக் கற்பிக்கும் காட்சியில் இடையறாத இசையும், துள்ளும் உருவங்களும், ஒவ்வொரு விடைக்கும் வாணவேடிக்கையும் நிறைந்திருப்பின், குழந்தையின் நினைவில் வாணவேடிக்கையே நிற்கும். இதற்கு மாறாக, ஃபெட் தளத்தின் பின்னம் பற்றிய செயல்முறையை நோக்குக. வட்டம் ஒன்றைக் குழந்தை பகுக்கின்றது. துண்டுகளை எடுத்து வைக்கின்றது. பகுதியும் தொகுதியும் எண்ணாக மாறுதலைக் காண்கின்றது. சொல் சில; செயல் மிகுதி. ‘சுருங்கச் சொல்லல்’, ‘விளங்க வைத்தல்’ என்னும் இரண்டு அழகுகளும் ஒருங்கே அமைந்தமையால் இதனை நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருமுறை பதிவிறக்கினால் இணையமின்றியும் இயங்குவன இவற்றுட் பல என்பது சிற்றூர்ப் பள்ளிக்கு மேலும் ஒரு நலம்.

முடிபு

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். அரசே வளங்களைத் தொகுத்தளிக்கின்றது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பயிற்சி நூலும் கையேடும் வழங்கப்பட்டன. அவ்வாறாக, ஆசிரியர் தாமே தேடித் தேர்தல் எதற்கு எனச் சிலர் வினவுவர். வினா பொருளுடையதே. ஆனால் எத்தொகுப்பும் தன் வகுப்பிலுள்ள இன்ன குழந்தைக்கு இன்ன எழுத்தில் இடர்ப்பாடு என்பதனை அறியாது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பரில் திறந்தபோது, ஒரே வகுப்பில் எழுத்தறியாரும் சரளமாகப் படிப்பாரும் ஒருங்கு அமர்ந்திருந்ததனை ஆசிரியர் கண்டனர். அந்நிலையில் பொதுவான பாடம் ஒன்று அனைவர்க்கும் பொருந்துதல் இயலாது. தேரும் பொறுப்பு ஆசிரியரதே. அப்பொறுப்பிற்குரிய துணையை அளித்தல் பிறர் கடன்.

அப்பிறருள் நாமும் ஒருவர் என்பதனை மறத்தலாகாது. அச்சில் வரும் கவிதை நூலுக்கும் புதினத்திற்கும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மதிப்புரை எழுதுகின்றன. நாள்தோறும் பல்லாயிரம் குழந்தைகள் காணும் தமிழ்ப் பாடப்பொருளுக்கு மதிப்புரை எழுதுவாரை நாம் மிக அரிதாகவே காண்கின்றோம். அது சிறுவர்க்குரியது எனத் தள்ளியமையே காரணம் போலும். மொழியின் முதல் வாயில் அதுவேயாதலின், அங்குள்ள பிழை பின்னர் நம் வகுப்பறைக்கே வந்து சேர்கின்றது. எழுத்து, ஒலி, படி, அளவு, மூலம் என்னும் ஐந்தனையும் கொண்டு, இத்தகைய வளங்களை ஆண்டுதோறும் ஆராய்ந்து, நல்லன இவை, திருத்தற்குரியன இவை எனத் தமிழ்த்துறைகள் எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், மாலையில் ஒரு மணி நேரம் தேடும் ஆசிரியரின் உழைப்பு வீணாகாது. அவர் முன் அமரும் குழந்தையின் முதற்கல்வியும் பிழையற்றதாகும்.