கொங்கில் இடைக்காலம் எப்போது முடிந்தது?

உக்கடம் பெரியகுளத்துக்கு நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. மேற்கே பேரூர்க் கோயில். குளத்தை அடுத்து, பெயரில் மட்டும் கோட்டையை வைத்திருக்கும் கோட்டைமேடு. குளம், கோயில், கோட்டை மூன்றையும் வைத்தே பழைய கோவையை ஏறத்தாழ விளங்கிக்கொள்ளலாம். அந்த ஊரில் 1888இல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை தொடங்கப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் கோவை ஆலைநகரமாகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று எழுதியவர்கள் ஒரே வழியில் போகவில்லை. எதைச் சான்றாக ஏற்றார்கள் என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள்.

இடைக்காலம் எப்படி முடிந்தது என்ற இதே கேள்வியை ஐரோப்பியர் தம் நாடுகளைப் பற்றி நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். வணிகமும் நகரமும் தழைத்ததில் பழைய பண்ணைமுறை கரைந்தது என்பது ஆன்றி பிரென் வழி வந்தவர்களின் விடை. பண்ணைக்குள்ளேயே ஆண்டைக்கும் குடியானவனுக்கும் நடந்த இழுபறிதான் காரணம் என்று 1946இல் வாதிட்டார் மாரிஸ் டாப். பால் சுவீசி அதை மறுத்தார். 1976இல் ராபர்ட் பிரென்னர் எழுப்பிய கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறை வந்தபோது மேற்கு ஐரோப்பாவில் பண்ணையடிமை விடுபட்டான். கிழக்கிலோ பிற்பாடு அவனை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். ஒரே நெருக்கடி ஏன் இரண்டு முடிவுகளைத் தந்தது? கொங்கைப் பற்றியும் இதைத்தான் கேட்க வேண்டும்.

நம்மவர்களில் மூத்த மரபு கல்வெட்டு, பட்டய மரபு. கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியாரும், செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித் தொகுத்த புலவர் செ. இராசுவும் இல்லையென்றால் கொங்கின் இருபத்து நான்கு நாடுகளையும் காணியுரிமைகளையும் பட்டக்காரர்களையும் பற்றி நமக்குத் தெரிந்தது பாதிகூட இராது. எழுத்துச் சான்று இல்லாமல் பேசக்கூடாது என்ற கண்டிப்பு அவர்கள் தந்த கொடை. ஆனால் உரிமை உள்ளவனின் பெயரைத்தான் செப்பேடு பொறிக்கும். உழுதவன் அதில் அரிதாகவே வருகிறான்.

பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்கு நூல் கள ஆய்வின் வழியில் வந்தது. காங்கயம் பக்கத்து ஊரில் தங்கி, வலங்கை இடங்கைச் சாதிப் பிரிவுகள் வாழ்க்கையில் எப்படி நீடித்தன என்று பார்த்தார். கல்லில் தேடியதை அவர் வீட்டு முற்றங்களில் தேடினார்.

மாற்றத்தின் பொறி எங்கே இருந்தது என்று காட்டியவர் கிறிஸ்டோபர் பேக்கர். தமிழகக் கிராமப் பொருளாதாரம் பற்றிய 1984ஆம் ஆண்டு நூலில், ஆற்றுப்பாசன நிலத்திலிருந்தும் சமவெளியிலிருந்தும் கொங்கை அவர் தனியாகப் பிரித்தார். மலைமறைவில் மழை குறைந்த பூமி இது. ஆழக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்தால்தான் தோட்டம் விளையும். அதற்குப் பணமும் ஓயாத உழைப்பும் வேண்டும். கம்போடியா பருத்தி வந்ததும் அந்த உழைப்புக்கு நல்ல விலை கிடைத்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய பெருமந்தத்தில் விலை சரிந்து ஊர்க் கடன் உறவுகள் உடைந்தபோது, கிராமத்துப் பணம் நகரத்து ஆலைகளுக்கு நகர்ந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் ஓடியது, மோட்டாரைச் செய்யும் பட்டறைகளும் கோவையிலேயே முளைத்தன. பிற்காலத் திருப்பூருக்கு ஷரத் சாரி 2004இல் இதே தொடர்ச்சியைக் காட்டினார். பின்னலாடை முதலாளிகளான கவுண்டர்கள் பலர் தங்கள் மூலதனம் உழைப்புதான் என்று சொன்னதை அவர் ஆழமாக ஆராய்ந்தார்.

பேக்கரின் விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அது தோட்டக்காரரின் வரலாறு. கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர். மின்மோட்டார் வந்ததும் அந்தத் தோலுக்கு வேலை போயிற்று. தைத்தவரின் கட்டு மட்டும் அவிழவில்லை. மாடு விடுபட்ட பின்னும் ஆள் பண்ணையத்திலேயே இருந்தார். கோவை வட்டாரச் சிற்றூர்களை 1981-82இல் ஆராய்ந்த ஜூடித் ஹையர், முன்பணத்தால் கட்டுண்ட பண்ணையாட்களைக் கண்டார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 1996இல் அவர் திரும்பிப் பார்த்தபோதுதான் அந்தக் கட்டு பெரிதும் தளர்ந்திருந்தது. பிரென்னரின் கேள்விக்குக் கொங்கு தரும் விடை இதுதான்: ஒரே மின்சாரம் நிலமுள்ளவனை ஆலை முதலாளியாக்கியது, நிலமற்றவனை இன்னும் இரண்டு தலைமுறை காக்க வைத்தது. ஆகவே கம்பெனி ஆட்சி வந்த 1799, 1888, 1932 என்று ஒரு தேதியைக் குறித்து இடைக்காலத்தை முடிப்பவர்களோடு நான் உடன்படவில்லை.

நிலமற்றவரின் நிலையை வைத்து மாற்றத்தை அளக்கும் இந்த அளவுகோலை வரலாற்றாசிரியர்களைவிட நாவலாசிரியர்கள் முன்பே பிடித்துவிட்டார்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இலேயே, கணவனை இழந்தவள் நிலத்தில் பங்கு கேட்பதை நடுவில் வைத்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகம். கொங்கின் அடுத்த வரலாற்றை எழுத வருபவர் செப்பேட்டோடும் ஆலைப் பேரேட்டோடும் பண்ணையாளின் முன்பணக் கணக்கையும் தேட வேண்டும். அது பெரும்பாலும் தாளில் இல்லை. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். இப்போதே போய்க் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.