பின்சில்லு நேராக நிற்க வேண்டும்: யாழ்ப்பாணத்துக் கராஜும் தமிழ்நாட்டுப் பட்டறையும்

யாழ்ப்பாணத்தில் ஓடும் பல்சரும் ஸ்பிளெண்டரும் அப்பாச்சியும் மதுரையிலும் திருச்சியிலும் ஓடுகிற அதே வண்டிகள்தான். கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான் செயினும் சென்னை அம்பத்தூரின் டைமண்ட் செயினும் தேய்கிற விதத்தில் கடலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற வேறுபாடு கிடையாது. வேறுபடுவது அந்தச் செயினை இறுக்கிப் பின்சில்லை நேராக நிறுத்தும் முறைதான். இரு இடத்து முறைகளிலும் நல்லதும் உண்டு, திருத்த வேண்டியதும் உண்டு.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, ஸ்விங் ஆர்மின் இரு முனைகளிலும் உள்ள இறுக்கிகளைத் திருப்பினால் சில்லு பின்னால் நகரும், செயின் இறுகும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் இடப்பக்கத்து ஸ்லீவ் நட்டையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு நகர்ந்தால்தான் சில்லு நேராக நிற்கும். ஒரு பக்கம் கூடினால் செயினின் உள்தகடு பல்சக்கரத்தின் பக்கவாட்டில் உரசும். பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்துத் தேய்ந்திருந்தால் சில்லு கோணலாக நிற்கிறது என்று அறியலாம்.

இனித் தமிழ்நாட்டுப் பட்டறை. "அண்ணே, செயின் சத்தம் போடுது" என்று வண்டியை நிறுத்தினால், மெக்கானிக் செயினைப் பின்பல்சக்கரத்திலிருந்து இழுத்துப் பார்ப்பார். பாதிப் பல் தெரிந்தால், "செட்டே போயிடுச்சு தம்பி, மாத்திடலாம்" என்பார். முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்றுவது தொழில்நுட்பப்படி மிகச் சரியான முடிவு. தேய்ந்த செயின் புதுப் பல்சக்கரத்தையும் விரைவில் தின்றுவிடும். ஓசூரில் டி.வி.எஸ். ஆலை, கோவையிலும் அம்பத்தூரிலும் செயின் ஆலைகள், சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று உதிரிப்பாகம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் அங்கே மாற்றத் தயங்குவதில்லை.

குறை அடுத்த கட்டத்தில் வருகிறது. புது செட்டை மாட்டியதும் ஸ்விங் ஆர்மில் பொறித்திருக்கும் கோடுகளை இருபுறமும் ஒத்துப் பார்த்து அச்சை முறுக்கிவிடுகிறார்கள். வரிசையில் இன்னும் பல வண்டிகள் காத்திருக்கின்றன. ஆனால் விழுந்து அடிபட்ட வண்டியிலும், இறுக்கித் தகடு வளைந்த வண்டியிலும் அந்தக் கோடுகளை நம்ப முடியாது. நட்டை இறுக்கும்போதே சில்லு சற்று நகர்வதும் உண்டு. பின்பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையே ஒரு துணியைக் கொடுத்துச் சில்லைச் சுற்றினால், அச்சு இறுக்கிகளோடு ஒட்டி நிற்கும். அந்த நிலையில் நட்டை முறுக்கினால் நகராது.

யாழ்ப்பாணத்தில் வரலாறு வேறு. 1990களில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்கே வரவிடாமல் தடுத்த பொருளாதாரத் தடையின் காலத்தில், சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய எம்.டி. 90, சாலி மோட்டார் சைக்கிள்களைப் பார்த்த தலைமுறை இன்றும் கராஜ்களில் இருக்கிறது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. அந்த ஆண்டு கியூ.ஆர். எரிபொருள் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. இறக்குமதி மீண்டும் திறந்தது 2025இல். இருக்கிற வண்டியை இருக்கிற சாமானோடு ஓட்டியாக வேண்டிய நிலை கைகளுக்குப் பொறுமையைப் பழக்கியது.

"அண்ணை, செயின் இழுபட்டுப் போச்சு, ஒருக்கா இறுக்கி விடுங்கோ" என்றால், "இருங்கோ தம்பி, நூல் பிடிச்சுப் பாப்பம்" என்று சொல்லும் பழைய கைகளை இங்கே இன்னும் காணலாம். மேசன்மார் பாவிக்கும் நூலைப் பின்ரயரின் இரு விளிம்புகளிலும் தொடவைத்து முன்ரயர் வரை இழுப்பார்கள். இரு பக்கத்திலும் நூலுக்கும் முன்ரயருக்கும் உள்ள இடைவெளி ஒத்துவந்தால் சில்லு நேர். பொறித்த கோடு சொல்லாத உண்மையை இந்த நூல் சொல்லிவிடும்.

ஆனால் இந்தத் தட்டுப்பாடு ஒரு கெட்ட பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. இறுக்கி முடிவுக்கு வந்ததும் கண்ணி கழற்றிச் செயினைக் குறுக்குகிறார்கள். சிறிய வண்டிகளின் 428 செயினில் ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ. ஆகவே 20 கண்ணிகள் 254 மி.மீ. இருக்க வேண்டும். 2 சதவீதம் நீண்டு 259ஐத் தொட்டால் அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது. கண்ணியைக் கழற்றினால் மொத்த நீளம் குறையுமே தவிர, ஊசிகளின் தேய்மானம் அப்படியே இருக்கும். பாரத்தோடு போகும்போது அந்தச் செயின் அறுந்து சில்லைப் பூட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இரு கரையிலும் காணும் தவறுகளும் உள்ளன. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் சுழலும் செயினில் பழைய எண்ணெய் ஊற்றுவது ஒன்று. விரல் போனால் போனதுதான். எஞ்சினை நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றித்தான் எண்ணெய் விட வேண்டும். இன்னொன்று, செயினை விறைப்பாக இறுக்குவது. ஆள் ஏறி அமர்ந்து முன்பல்சக்கரமும் ஸ்விங் ஆர்மின் அச்சும் பின் அச்சும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும். அப்போது தளர்வு இல்லாவிட்டால் கியர்ப் பெட்டியின் பேரிங் அடிவாங்கும். பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை தளர்வு வேண்டும். அதையும் சில்லைச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். சில்லு நகர்ந்தால் டிரம் பிரேக் கம்பியின் தளர்வும் மாறும், அதையும் சரிசெய்துவிட்டே வண்டியைக் கொடுக்க வேண்டும்.

செயினை முழுதும் மூடிய உறை உள்ள வண்டிகளில் பின்னாலிருந்து கண்ணால் நேர் பார்க்க வழியில்லை. அங்கே ஸ்விங் ஆர்ம் திரும்பும் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை இரு பக்கமும் டேப்பால் அளப்பதே நம்பகமான வழி. ஓசூரில் தயாராகும் ஏதர் ஸ்கூட்டர் போல, பின்சில்லைப் பெல்ட் சுழற்றும் மின்வண்டிகளும் இப்போது வருகின்றன. பெல்ட் சற்றுக் கோணலாக ஓடினாலும் ஓரம் உரசிப் பிய்ந்துவிடும், கண்ணி கழற்றிச் சமாளிக்கும் வேலை அதில் நடக்காது. ஆகவே இன்று பழகும் அளவெடுப்பு நாளைக்கும் உதவும்.

யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் தேய்ந்த செயினைக் கழற்றி எறியத் துணிய வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டறைகள் கோட்டை மட்டும் நம்பாமல் நூலும் டேப்பும் எடுக்க வேண்டும். வண்டிக்காரரான நமக்கும் இதில் பங்குண்டு. பத்து நிமிடம் பொறுத்து நின்று, "இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்" என்று கேட்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கவும் வேண்டும்.