விளக்கும் சுவரும்

உரோமை நகரின் பழைய தெருக்களில் மாலை இறங்கியதும் காவி பூசிய சுவர்கள் தேன் நிறம் கொள்வதுண்டு. அந்நிறத்தில் பாதி சுவருடையது. மறுபாதி சோடியம் விளக்குகளுடையது. 2017இல் மாநகராட்சி அவற்றை அகற்றி, வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி வந்தது. மின்செலவு குறையும் என்பதே காரணம். ஆனால், பழைய விளக்குக் கூண்டுகளிலிருந்து மருத்துவமனைக் கூடத்து வெளிச்சம் கொட்டவே, நகரமக்கள் பலர் மனம் நொந்து எதிர்த்தனர்.

சிக்கனத்தை நாம் குறை கூறவில்லை. மின்சாரத்தை வீணாக்குவதும் அழகன்று. எனினும், எல்.இ.டி.யிலும் இளமஞ்சள் ஒளி உண்டே! தெருவிளக்குகள் 3000 கெல்வினுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இலேயே அறிவுறுத்தியிருந்தது. கண்கூச்சமும் உறக்கக் கேடும் அதன் கவலைகள். ஆகவே, இங்குப் பிழைத்தது சிக்கனம் அன்று, கவனம். வாட்டுக் கணக்கைப் பார்த்தவர்கள் சுவரைப் பார்க்கவில்லை.

விளக்கு தன்னைக் காட்டுவதற்கன்று. தன் கீழுள்ளவற்றைக் காட்டுவதற்கே. கூண்டுக்கும் ஒளிக்கும், ஒளிக்கும் சுவருக்கும் பொருத்தம் இல்லையேல், தெரு தெளிவாகத் தெரியும். ஆனால் அது நாம் அறிந்த தெருவாய் இராது. ஆயிரம் விளக்குகளை மாற்றுமுன் ஒன்றை மட்டும் ஏற்றி, அத்தெருவில் வாழ்வோருடன் ஒரு மாலைப்பொழுது அதன் கீழ் நின்று பார்த்திருக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.